தீயொடு பொருத தேர்கள்

ஒரு பெருநகரத்தின் வரலாற்றை அறிய விரும்புவோர் அதன் அரச மாளிகைகளையும் கல்விக் கழகங்களையும் துறைமுகத்தையும் நோக்குவது வழக்கம். அந்நகரத்துத் தீயணைப்பு நிலையத்தின் கதவைத் திறந்து உள்ளே நிற்கும் வண்டிகளை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. ஆனால் அவ்வண்டிகள் ஒவ்வொன்றையும் சுட்டி, "இது எப்பொழுது வந்தது? எதற்காக வந்தது?" என்று வினவுவோமாயின், பெரும்பாலும் ஒரே வகையான விடையே கிடைக்கும். முதலில் ஓர் அழிவு நேர்ந்தது, சிலர் மாண்டனர், அதன் பின்னரே அந்த வண்டி வாங்கப்பட்டது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நியூயோர்க் நகரத் தீயணைப்புப் படையின் சிறப்பு வண்டிகளை எடுத்துக்கொண்டு இதனைக் காட்ட முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நியூயோர்க் நகரம் தன் முதலிரு தீயணைப்பு இயந்திரங்களை 1731ஆம் ஆண்டில் இலண்டனிலிருந்து கப்பல் மூலம் தருவித்தது. றிச்சாட் நியூசம் என்னும் ஆங்கிலேயர் செய்த கைப்பம்பிகள் அவை. இருபுறமும் ஆடவர் நின்று மரக்கைகளை மேலுங் கீழுமாக அழுத்த, நடுவிலுள்ள தொட்டியிலிருந்து நீர் பீறிட்டெழும். நம் ஊரிலே துலா மிதித்தவர்களின் உழைப்பை நேரிற் கண்ட முதியோர்க்கு, இவ்வாறு மனித வலுவால் நீர் இறைப்பது எத்துணை விரைவிற் களைப்பைத் தரும் என்று விளக்க வேண்டுவதில்லை. ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு மேலாக அந்நகரம் இத்தகைய கைப்பம்பிகளையும் அவற்றை இழுத்தோடிய தொண்டர்களின் கால்களையுமே நம்பியிருந்தது.

அந்நம்பிக்கை 1835ஆம் ஆண்டு டிசெம்பர் 16ஆந் திகதி இரவு தகர்ந்தது. வணிகக் களஞ்சியம் ஒன்றிற் பற்றிய தீ, கடுங்காற்றில் வீதிக்கு வீதி தாவியது. அன்றிரவு குளிர் உறைநிலைக்கு வெகு கீழே சென்றிருந்தது. ஆறு உறைந்துவிட்டது. தொண்டர்கள் பனிக்கட்டியை வெட்டித் துளையிட்டு நீரை எடுத்தனர்; எடுத்த நீரோ குழாயினுள்ளேயே உறைந்தது. ஈற்றிற் கட்டடங்களை வெடிமருந்து வைத்துத் தகர்த்து, தீ தாவுவதற்கு இடமின்றிச் செய்தே அதனை நிறுத்த முடிந்தது. அறுநூறுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் சாம்பராயின. காப்புறுதிக் கம்பனிகளுட் பெரும்பாலானவை முறிந்துபோயின. 1842இல் குறோட்டன் ஆற்று நீரைக் கால்வாய் வழியே நகருக்குக் கொண்டுவந்தமைக்கு இப்பெருந்தீயும் ஒரு தூண்டுகோலாயிற்று.

நீர் வந்தது, ஆனால் அதனை விரைவாக இறைக்கும் இயந்திரம் வரவில்லை. வராமற்போனதற்குக் காரணம் அறிவுக்குறைவன்று. 1841ஆம் ஆண்டிலேயே போல் ஹொட்ஜ் என்பவர் காப்புறுதிக் கம்பனிகளின் பொருளுதவியுடன் தானே ஓடும் நீராவித் தீயணைப்பு இயந்திரம் ஒன்றைச் செய்து நகர மண்டபத்தின் முன் ஓட்டிக் காட்டினார். தொண்டர்கள் அதனை வெறுத்தனர். தமது தோள்வலியே தமது பெருமை என எண்ணியவர்களுக்கு, ஒரு கொதிகலன் வந்து அப்பெருமையைப் பறித்துக்கொள்வது பொறுக்கவில்லை. இயந்திரமும் மிக்க பாரமானது. சில மாதங்களிற் கைவிடப்பட்டது. தொண்டர் சங்கங்களோ தீயணைப்பதிற் காட்டிய ஊக்கத்திற்குக் குறையாத ஊக்கத்தைத் தம்முள் அடிபிடிப்படுவதிலுங் காட்டின. தீப்பிடித்த இடத்திற்கு முதலில் ஓடிய சங்கத்தான் வீதியோர நீர்க்குழாயின் மேலே பீப்பாவைக் கவிழ்த்து அதன்மேல் அமர்ந்துகொண்டு, தன் சங்கத்து வண்டி வரும்வரை மாற்றுச் சங்கத்தாரைத் தடுத்து நிற்பானாம்! பின்னாளில் ஊழலாற் பேர்பெற்ற அரசியல்வாதி வில்லியம் ருவீட் இத்தகைய சங்கமொன்றின் தலைவனாயிருந்தே தன் செல்வாக்கை வளர்த்துக்கொண்டான். சங்கங்கள் அரசியலுக்கு எவ்வாறு ஏணியாகின்றன என்பதை அறிய விரும்பும் இளைஞர்கள் அவனது வரலாற்றைத் தேடிப் படிக்கலாம்.

1865ஆம் ஆண்டிலே தொண்டர் முறை ஒழிக்கப்பட்டுச் சம்பளம் பெறும் படை அமைந்தது. அதனுடன் குதிரைகள் இழுக்கும் நீராவி இயந்திரங்களும் நிலைபெற்றன. நிலையம், சீருடை, கட்டளை, பயிற்சி என்பன வந்தபின்னரே சிறப்பு வண்டிகளுக்கும் வழி பிறந்தது. ஏனெனில் எல்லாச் சங்கங்களும் ஒன்றையொன்று பகைத்து நிற்கும் இடத்தில், எல்லார்க்கும் பொதுவான ஒரு வண்டி நிற்க இடமேது?

கட்டடங்கள் உயர்ந்தன, ஏணிகளும் உயரவேண்டியதாயிற்று. ஆனால் உயரமான ஏணியின் வரலாறு நியூயோர்க்கில் ஒரு துன்ப நிகழ்ச்சியுடன் தொடங்குகிறது. 1875ஆம் ஆண்டு செப்தெம்பர் 14ஆந் திகதி, பொதுமக்கள் முன்னிலையில் புதுவகை ஏணியொன்று பரீட்சிக்கப்பட்டது. பல துண்டுகளை ஒன்றன்மேலொன்றாகப் பொருத்தி ஏறத்தாழ நூறடி வரை நிமிர்த்தும் அமைப்பு அது. வீரர்கள் மேலே ஏறி நின்றபோது ஏணி முறிந்தது. அதிகாரி ஒருவரும் வீரர் இருவருமாக மூவர் வீழ்ந்து மாண்டனர். அந்த ஏணி ஒரு தீயையும் அணைக்கவில்லை. ஓர் உயிரையும் மீட்கவில்லை. ஆயினும் அதன் வீழ்ச்சி அந்நகரத்தைப் பத்தாண்டு அளவிற்கு அச்சத்தில் ஆழ்த்தியது. 1880களின் நடுவிலேதான், சன் பிரான்சிஸ்கோ நகரத்து டானியல் ஹேய்ஸ் என்பவர் அமைத்த வண்டியேணி துணிந்து வாங்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் உயர்ந்த மாடிகளில் அகப்பட்டோரின் கதி யாதாயிற்றென்பதை எந்தக் கணக்கேடும் தனியாக எழுதிவைக்கவில்லை.

அதே 1875இல் படையின் முதலாவது தீயணைப்புப் படகு நீரில் இறங்கியது. 1879இல் 'நீர்க்கோபுரம்' என்னும் வண்டி வந்தது. நெடிய குழாய்த்தண்டினை வண்டியின்மேல் நிமிர்த்தி, மேல்மாடிச் சாளரத்தினூடே நேராக நீரைப் பாய்ச்சுவது அதன் தொழில். 1950கள் வரையில் அவ்வகை வண்டிகள் வழக்கிலிருந்தன. 1908இல் மன்ஹற்றன் தீவின் கீழ்ப்பகுதியில் வீதிகளுக்கு அடியிலே தனிக் குழாய்களைப் புதைத்து, மின்சாரப் பம்பிகளால் உயர் அமுக்கத்தில் நீரை நிரப்பினர். அவ்வீதிகளில் இயந்திரம் இன்றியே குழாயை மாட்டி நீரைப் பாய்ச்சலாம். ஆகவே குழாய்களை மாத்திரம் ஏற்றிச்செல்லும் வண்டியே போதுமானது. அத்தகைய குழாய் வண்டியாகவே அப்படையின் முதலாவது மோட்டார் வண்டி 1909இல் வந்தது.

குதிரைகள் உடனே ஓய்வு பெறவில்லை. நல்ல நிலையிலிருந்த நீராவி இயந்திரங்களை எறிந்துவிடப் படைக்கு மனம் வரவில்லை. எனவே குதிரைகளை மாத்திரம் அவிழ்த்துவிட்டு, அவை நின்ற இடத்தில் இருசில்லு மோட்டார் இழுவையொன்றைப் பூட்டினர். பழைய கொதிகலன் பின்னால் புகை கக்க, புது மோட்டார் முன்னால் இரைந்து இழுக்கும் அந்தக் காட்சியைப் பழைய படங்களிற் காணும்போது சிரிப்பு வருகிறது. ஆயினும் அந்த இழுவையைச் செய்த வோல்ற்றர் கிறிஸ்ரி என்னும் பொறியியலாளரின் பெயர் சிரித்து ஒதுக்கத்தக்கதன்று. அவர் பின்னர் போர்த்தாங்கிகளை வடிவமைத்தார். அவரது சொந்த நாட்டுப் படை அவற்றைப் பெரிதாக மதிக்கவில்லை. சோவியத் நாடு வாங்கிக் கற்றுக்கொண்டது. இரண்டாம் உலகப் போரில் யேர்மனியப் படையை எதிர்த்து நின்ற புகழ்பெற்ற ரீ-34 தாங்கியின் சில்லுத் தொங்கலமைப்பு அவரது சிந்தனையின் வழிவந்ததே. நியூயோர்க்கின் கடைசித் தீயணைப்புக் குதிரைகள் 1922ஆம் ஆண்டு டிசெம்பர் 20ஆந் திகதி, புறூக்ளினில் உள்ள 205ஆம் இலக்க நிலையத்திலிருந்து புறப்பட்டு, விழாவாக எழுப்பப்பட்ட ஓர் அபாய அறிவிப்பை நோக்கித் தமது இறுதி ஓட்டத்தை ஓடின.

இதுவரை கூறிய வண்டிகள் யாவும் நீரையும் ஏணியையும் பற்றியவை. தீயைவிடக் கொடிய பகை புகை என்பதை அந்நகரம் உணர்ந்த வரலாறு இனித்தான் வருகிறது. அதனைச் சற்று விரிவாகவே கூறவேண்டும்.

1912ஆம் ஆண்டு ஜனவரி 9ஆந் திகதி காலை, புறோட்வே வீதியிலிருந்த எக்குவிற்றபிள் காப்புறுதிக் கம்பனிக் கட்டடம் தீப்பற்றியது. அன்றும் கடுங்குளிர். பாய்ச்சிய நீர் சுவரெங்கும் உறைந்து, எரிந்துகொண்டிருந்த கட்டடமே ஒரு பனிமலைபோற் காட்சியளித்தது. அதன் அடித்தளத்தில் ஒரு பாதுகாப்புப் பெட்டக நிறுவனம் இருந்தது. அந்நிறுவனத் தலைவர் வில்லியம் கிப்ளின் ஆவணங்களை மீட்கும் நோக்கத்துடன் உள்ளே சென்றார். பின்னாலிருந்த உருக்குக் கதவு மூடிக்கொண்டது. வீதிமட்டத்துச் சாளரம் ஒன்று இருந்தது. ஆனால் அதற்குத் தடித்த உருக்குக் கம்பிகள். கள்வர் உள்ளே புகாதபடி வைத்த கம்பிகள் இப்பொழுது உரியவரையே வெளியே வராதபடி தடுத்தன.

செனக்கா லார்க் என்னும் வீரர் அச்சாளரத்தின் முன் நிலத்திற் படுத்து, இரும்பறுக்கும் கைவாளினால் அக்கம்பிகளை அறுக்கத் தொடங்கினார். மேலேயிருந்து பனிக்கட்டியும் கல்லும் வீழ்ந்துகொண்டிருந்தன. வாளின் அலகுகள் ஒன்றன்பின் ஒன்றாக முறிந்தன, புதியவை கொண்டுவரப்பட்டன. ஒரு மணி நேரத்திற்கும் மேலாக அறுத்தே கிப்ளினை உயிருடன் வெளியே எடுக்க முடிந்தது. அவருடன் உள்ளே இருந்த காவலாளி இறந்துவிட்டார். லார்க்குக்குப் படையின் உயர்ந்த பதக்கம் வழங்கப்பட்டது. படையதிகாரியொருவர் உட்பட அறுவர் அத்தீயில் மாண்டனர்.

பதக்கம் தகுதியானதே. ஆனால் சிந்திக்கத் தெரிந்தவர்களுக்கு அப்பதக்கமே ஒரு குற்றச்சாட்டாகவும் அமைந்தது. உலோகத்தை ஒரு சில நிமிடங்களில் வெட்டக்கூடிய ஒட்சிசன்-அசற்றலீன் சுவாலை அக்காலத்தில் ஏற்கெனவே தொழிற்சாலைகளில் இருந்தது. செல்வத்தில் உலகின் தலைசிறந்த நகரங்களுள் ஒன்றின் தீயணைப்புப் படையிடம் அது இல்லை. மூன்றாண்டு சென்றபின், 1915ஆம் ஆண்டு ஜனவரி 6ஆந் திகதி, சுரங்கப் புகையிரதப் பாதையில் மின்கம்பி பழுதாகித் தீப்பற்றியது. தீ சிறிது, புகையோ பெரிது. நூற்றுக்கணக்கானோர் இருளில் மூச்சுத் திணறி வீழ்ந்தனர். காப்பாற்ற இறங்கிய வீரர்களும் வீழ்ந்தனர். வீரம் நெஞ்சில் இருந்ததேயன்றி, நெஞ்சுக்கு வேண்டிய காற்று இல்லை.

அதன்பின் இரண்டே மாதத்தில், 1915 மார்ச் 8ஆந் திகதி, 'முதலாம் மீட்புப் படைப்பிரிவு' தொடக்கப்பட்டது. தீயை அணைப்பதைவிட, அகப்பட்டுக்கொண்ட மனிதரை மீட்பதே அதன் முதற் கடமை. தீயணைக்கச் சென்று அகப்படும் சக வீரரும் அம்மனிதருள் அடங்குவர். படையின் பல பிரிவுகளிலிருந்தும் கைத்தொழில் தெரிந்தவர்களைத் தேர்ந்தெடுத்தனர். கப்டன் ஜோன் மக்எலிகொற் தலைமை தாங்கினார். அவர் பிற்காலத்தில் முழுப்படைக்குமே தலைவராக உயர்ந்தவர். அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வண்டி யாது? பெரிய இயந்திரமன்று, கடிலாக் மோட்டார் கார் ஒன்று! அதனைத் திருத்தியமைத்து, அதிலே யேர்மனியில் செய்த டிறேகர் புகைத் தலைக்கவசங்கள், உலோகம் வெட்டும் சுவாலைக் கருவி, கயிறு எறியும் துப்பாக்கி, பாரந்தூக்கும் திருகுகள், அலவாங்குகள், மூச்சு நின்றவர்க்குக் காற்றூட்டும் பொறி என்பனவற்றை அடுக்கினர். லார்க் ஒரு மணிநேரம் அறுத்த கம்பியை அறுப்பதற்கான கருவி இப்பொழுது ஒரு பெட்டிக்குள் அடங்கிவிட்டது.

டிறேகர் கவசத்தைப் பற்றி ஒரு சொல். தலையை முழுவதும் மூடி, முதுகிலே தொங்கும் ஒட்சிசன் கலத்திலிருந்து காற்றைத் தரும் இக்கருவி முதலிற் சுரங்கத் தொழிலாளருக்காக ஆக்கப்பட்டது. பழைய தீயணைப்பு வீரர் சிலர் இதனை ஏளனம் செய்தனர். புகையை விழுங்கிக்கொண்டு நிற்பவனே ஆண்மகன் என்பது அவர்கள் கொள்கை. 1841இல் நீராவியை எதிர்த்த அதே மனப்பான்மை இங்கும் தலைகாட்டுவதைக் காண்கிறோம். புகையிலுள்ள காபனோரொட்சைட்டு வீரன், கோழை என்று பார்ப்பதில்லை. குருதியிற் கலந்து இருவரையும் ஒன்றாகவே வீழ்த்தும். மூச்சுக் கருவி எல்லா வீரர்க்கும் உரியதாவதற்குப் பின்னரும் பல பத்தாண்டுகள் சென்றன.

மீட்புப் பிரிவு பயன் தந்தமையால் 1925இல் புறூக்ளினுக்கு இரண்டாம் பிரிவும், 1931இல் மூன்றாம் நான்காம் பிரிவுகளும் அமைந்தன. காரின் இடத்தைப் பெரிய லொறி பிடித்தது. 1949ஆம் ஆண்டு மே 13ஆந் திகதி, ஹட்சன் ஆற்றின் கீழே செல்லும் ஹொலண்ட் சுரங்கப் பாதையில் காபனிருசல்பைட்டு ஏற்றிய லொறி ஒன்று வெடித்தெரிந்தது. ஆற்றடியில், நச்சுப்புகை நிறைந்த குழாயினுள்ளே, முன்னும் பின்னும் நின்றுவிட்ட வண்டிகளினிடையே நிகழ்ந்த அப்போராட்டத்தில் பலர் காயமுற்றனர். புகையால் நோயுற்ற படையதிகாரி ஒருவர் பின்னர் இறந்தார். ஆனால் சுரங்கத்தினுள் அகப்பட்ட பொதுமக்களுள் ஒருவரேனும் இறக்கவில்லை.

இனி, இவ்வண்டிகள் யாவற்றினும் வியப்பு மிக்க ஒன்றைக் கூறுவேன். அதன் பெயர் 'சுப்பர் பம்பர்', பெரும்பம்பி எனலாம். அதனை எண்ணியவர் தீயணைப்பு வீரரல்லர்; கப்பற் சிற்பி. வில்லியம் பிரான்சிஸ் கிப்ஸ் என்னும் அவர் கல்லூரியிற் பயின்றது சட்டம். கப்பற் கலையைத் தாமாகவே கற்றார். 1952இல் அத்திலாந்திக் கடலை மிக விரைவிற் கடந்து சாதனை நிலைநாட்டிய 'யுனைற்றட் ஸ்ரேற்ஸ்' என்னும் பயணக்கப்பல் அவர் படைத்ததே. கடலில் தீப்பற்றிய கப்பல்களின் கதி அவர் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை. ஆகவே தம் கப்பலில் மரமே கூடாதென்று விதித்தார். சமையற்கூடத்து இறைச்சி வெட்டும் கட்டைக்கும் பியானோ வாத்தியத்துக்கும் மாத்திரமே விலக்களித்தாராம். 1938இல் நியூயோர்க்குக்காக அவர் அமைத்த 'பயர் பைற்றர்' என்னும் தீயணைப்புப் படகு நிமிடத்துக்கு 20,000 கலன் நீரை வீசவல்லது. தீயணைப்பு வண்டிகளிலும் அவருக்கு அளவிலாப் பிரியம் உண்டு.

படகின் ஆற்றல் கரையோடு முடிந்துவிடுகிறது. நிலத்தடி உயர் அமுக்கக் குழாய்களோ நகரின் சில பகுதிகளுக்கு மாத்திரமே உண்டு, அவையும் முதுமையடைந்துகொண்டிருந்தன. படகொன்றின் பம்பியைச் சில்லுகளின்மேல் ஏற்றி வீதிக்குக் கொண்டுவந்தால் என்ன? இக்கேள்விக்குக் கிப்ஸ் அளித்த விடை 1965இல் மக் கம்பனியின் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது.

ஒரு கொளுவிழுவை லொறி. அதன் பின்னே நீண்ட மேடை. மேடைமேல் ஒரு தனி இயந்திரம். அது இங்கிலாந்தின் நேப்பியர் கம்பனி செய்த 'டெல்ரிக்' டீசல் இயந்திரம். கிரேக்க எழுத்தாகிய டெல்ரா முக்கோண வடிவினது. இவ்வியந்திரத்தின் உருளைகள் முக்கோணத்தின் மூன்று பக்கங்களாக அமைந்துள்ளன. ஒவ்வோர் உருளையிலும் இரண்டு முசலங்கள் எதிரெதிராக ஓடுகின்றன. பதினெட்டு உருளைகள், முப்பத்தாறு முசலங்கள், மூன்று கோணங்களிலும் மூன்று சுழல்தண்டுகள். பிரித்தானியக் கடற்படையின் விரைவுப் படகுகளுக்காகப் பிறந்து, 1961 முதல் இலண்டனுக்கும் எடின்பரோவுக்கும் இடையே புகையிரதங்களை இழுத்த இயந்திர வகை அது. நியூயோர்க்குக்கு வந்தது 2,400 குதிரைவலு உடையது. அவ்வளவு வலுவும் நீரை இறைப்பதற்கே; வண்டியை இழுப்பதற்கு லொறியின் சொந்த இயந்திரம் வேறாக இருந்தது.

அதன் ஆற்றலைக் கணக்கிட்டுப் பார்ப்பது பௌதிகம் கற்பார்க்கு இன்பந் தரும். நிமிடத்துக்கு 8,800 கலன், சதுர அங்குலத்துக்கு 350 இறாத்தல் அமுக்கத்தில். அமெரிக்கக் கலன் நம்மிடம் வழங்கிய பிரித்தானியக் கலனிலும் சிறிது என்பதை நினைவிற்கொண்டு கணித்தாலும், நிமிடமொன்றுக்கு ஏறத்தாழ 33 தொன் நீர் ஆகிறது. ஓரடி உயர நீர் ஏறத்தாழ 0.43 இறாத்தல் அமுக்கந் தரும். ஆகவே 350 இறாத்தல் என்பது, உராய்வை நீக்கிப் பார்த்தால், நீரை எண்ணூறு அடி உயரத்துக்கு ஏற்றவல்லது. அளவைப் பாதியாக்கினால் அமுக்கத்தை இருமடங்காக 700 இறாத்தலுக்கு உயர்த்தலாம். அக்காலத்துச் சாதாரணத் தீயணைப்பு வண்டி நிமிடத்துக்கு ஆயிரங் கலன் அளவே இறைத்தது.

இத்தகைய நீரைத் தாங்கச் சாதாரணக் குழாய் உதவாது. நாலரை அங்குல விட்டமுள்ள தனிக் குழாய்கள் செய்யப்பட்டன. பெரும்பம்பி தனியே செல்வதுமில்லை. பெரிய நீர்ப்பீரங்கி ஏந்திய துணைவண்டி ஒன்றும், 'சற்றலைற்' எனப்பட்ட மூன்று சிறு வண்டிகளும் அதனுடன் சென்றன. பெரும்பம்பி ஆற்றங்கரையிலோ பெரிய நீர்க்குழாய்களின் அருகிலோ நிற்கும். துணைவண்டிகள் குழாயை விரித்துக்கொண்டே தீயை நோக்கி ஓடும். ஒரு தலைவனும் அவன் தளபதிகளும் போல என்று ஒப்புமை கூறலாம். முழு அமைப்புக்கும் ஆன செலவு 875,000 டொலர். 1965 ஓகஸ்ட் மாதத்திற் பிறொங்ஸ் பகுதியில் பழைய இரும்புக் கிடங்கொன்றில் மூண்ட தீயில் அது முதன்முறை பணிபுரிந்தது. கிப்ஸ் 1967இற் காலமானார்.

1982ஆம் ஆண்டில் அது ஓய்வு பெற்றது. பதினேழு ஆண்டுகளில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட அழைப்புகளுக்குச் சென்ற வண்டி, தோற்றுப்போன வண்டியன்று. பின் ஏன் நீக்கினர்? பராமரிப்புக்குப் பெருஞ் செலவு என்பது ஒன்று. ஆழமான மற்றொரு காரணமும் எனக்குத் தோன்றுகிறது. அது ஒன்றே ஒன்று. புறூக்ளினில் நின்ற அந்த ஒன்று, பரந்த நகரத்தின் மறுகோடிக்குப் போய்ச் சேரவேண்டும். 1970களில் நியூயோர்க் பொருள் முடையில் வீழ்ந்தது. தென்பிறொங்ஸ் முதலிய ஏழைப் பகுதிகளில் இரவுதோறும் பாழடைந்த வீடுகள் எரிந்தன. அப்பகுதிகளிலேயே தீயணைப்புப் பிரிவுகள் சில மூடப்பட்டன. 1975இல் வீரர் பலர் வேலையிலிருந்து நிறுத்தவும் பட்டனர். எந்தப் பிரிவை மூடலாம் என்பதைக் கணிதமுறையால் ஆராய்ந்து சொல்வதற்கு ஆய்வாளர்களும் இருந்தனர். கணக்கிற் பிழையில்லாதிருக்கலாம், ஆனால் சாளரத்தில் நின்று கூவும் தாய்க்கு வேண்டியது, அடுத்த தெருவில் நிற்கும் சாதாரண வண்டியே. நிமிடத்துக்கு 8,800 கலன் இறைக்கும் வண்டி பத்து மைலுக்கு அப்பால் நின்றால் அவளுக்கு ஆவதென்ன?

பெரும்பம்பியின் சிறு துணைகளாகிய சற்றலைற் வண்டிகளின் கருத்து மாத்திரம் அழியவில்லை. நகரின் பல பகுதிகளிலும் அவ்வகை வண்டிகள் பகிர்ந்து வைக்கப்பட்டன. பெருங்குழாயையும் நீர்ப்பீரங்கியையும் ஏற்றிய அவை இருபத்தோராம் நூற்றாண்டிலும் பணிபுரிகின்றன. அரசன் போனான், தளபதிகள் நின்றனர்.

பெரும்பம்பிக்கு ஓராண்டு முன்னர், 1964இல், ஆரவாரமின்றி வந்த மற்றொரு வண்டியே நெடுங்காலம் நிலைத்தது. அதுதான் கோபுர ஏணி. 75 அடி வரை நீளும் கையொன்றின் நுனியில் ஆட்கள் நிற்கக்கூடிய கூடை, கூடையிலேயே நீர்ப்பீரங்கி. சிக்காகோ நகரம் 1958இல் மரக்கிளை வெட்டும் தூக்குக்கூடையைப் பார்த்துத் தீயணைப்புக்கு மாற்றியமைத்தது இதற்கு முன்னோடி. எரியும் வீட்டினுள்ளே வீரரை அனுப்பாமல், சாளரத்துக்கு நேரே நின்று நீரை உள்ளே செலுத்தலாம். பிறொங்ஸ் எரிந்த ஆண்டுகளில் ஆளில்லா வீடுகளின் தீயை இதுவே பெரிதும் அடக்கியது. 1966 ஒக்டோபர் 17ஆந் திகதி 23ஆம் வீதியில் தளம் இடிந்து பன்னிரு வீரர் ஒருங்கே மாண்டதை நினைப்போர், வீரரை வெளியே நிறுத்தும் இவ்வண்டியின் அருமையை உணர்வர்.

வண்டியில்லாக் குறையும் ஒன்று உண்டு. 1975 பெப்ரவரி 27ஆந் திகதி இரண்டாம் அவெனியூவிலுள்ள தொலைபேசி நிலையத்தின் அடித்தளத்தில் மின்வட உறைகள் எரிந்தன. அவ்வுறைகள் பி.வி.சி. என்னும் பிளாத்திக்கினாலானவை, எரியும்போது நச்சு வாயுக்களை உமிழ்வன. ஏறத்தாழ 170,000 தொலைபேசிகள் ஊமையாயின. அன்று ஒருவரும் இறக்கவில்லை என்று மகிழ்ந்தனர். ஆனால் அங்கு சென்ற வீரர் பலர் பின்னைய ஆண்டுகளிற் புற்றுநோயால் வருந்தினர். எத்தகைய பொருள் எரிகிறது என்று அறிந்து செயற்படும் தனிப் பிரிவும் அதற்கான வண்டியும் 1980களிலேயே அப்படையில் நிலைபெற்றன.

2001ஆம் ஆண்டு செப்தெம்பர் 11ஆந் திகதியை இங்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. படையினர் 343 பேர் மாண்டனர். ஐந்து மீட்புப் பிரிவுகளும் கூடுதலான இழப்பை அடைந்தன. 1915இல் ஒரு காருடன் தொடங்கிய முதலாம் பிரிவு மாத்திரம் பதினொருவரை இழந்தது. தொண்ணூறு வண்டிகளுக்கு மேல் நசுங்கிப்போயின. நிலத்தடி நீர்க்குழாய்கள் உடைந்தமையால், கரைக்கு வந்த தீயணைப்புப் படகுகளே ஆற்றுநீரை இறைத்துக் கொடுத்தன. 1931இற் கட்டப்பட்டு, பணியிலிருந்து நீங்கித் தனியார் கைக்குச் சென்றிருந்த 'ஜோன் ஜே. ஹார்வி' என்னும் பழைய படகு, எவரும் எதிர்பாராதபடி திரும்பிவந்து மூன்று நாள்களுக்கு மேலாக நீர் வழங்கியது.

அவ்வேளையில் தென் கரோலினா மாநிலத் தலைநகராகிய கொலம்பியாவிலிருந்து ஒரு வண்டி வந்தது. அதன் கதை 1865இல் தொடங்குகிறது. உள்நாட்டுப் போரின் இறுதியில் கொலம்பியா நகரம் எரிந்தது. தீயணைக்கும் சாதனங்களும் அழிந்தன. 1867இல் நியூயோர்க் தீயணைப்பாளர்கள், சிறிது காலத்துக்கு முன்வரை பகைநாடாயிருந்த அந்நகரத்துக்குப் பணந்திரட்டி ஒரு குழாய் வண்டி அனுப்பினர். ஏற்றிச்சென்ற கப்பல் கடலில் மூழ்கியது. மீண்டும் பணந்திரட்டி இரண்டாவது வண்டியை அனுப்பினர். தோற்ற படையின் முன்னாட் கேணல் சாமுவேல் மெல்ற்றன் அதனைப் பெற்றுக்கொண்டு, என்றேனும் நியூயோர்க் துன்புறுமானால் கொலம்பியா இக்கடனைத் திருப்பும் என்று வாக்களித்தார்.

2001இலே கொலம்பியாவை அடுத்த பாடசாலையொன்றின் மாணவர்கள் நியூயோர்க்குக்கு ஒரு வண்டி வாங்கிக் கொடுக்கவேண்டுமென்று சில்லறைக் காசு சேர்க்கத் தொடங்கினர். தொடங்கியபோது அவர்களுக்கு மெல்ற்றனின் வாக்கைப் பற்றி ஒன்றுந் தெரியாது. பழைய ஏடுகளைப் புரட்டிய பின்னரே அது வெளிவந்தது. ஐந்து இலட்சம் டொலருக்கு மேற் சேர்ந்தது. ஏணி வண்டி ஒன்று வாங்கப்பட்டு, புறூக்ளினில் றெட் ஹூக் பகுதியில் உள்ள 101ஆம் இலக்க ஏணிப் பிரிவுக்கு வழங்கப்பட்டது. அப்பிரிவின் பழைய வண்டி செப்தெம்பர் 11ஆந் திகதி காலை ஏழு வீரருடன் புறப்பட்டது. எழுவரும் திரும்பவில்லை.